ஜரி நூலில் டாட்டிங் பிரேஸ்லெட்: ரிங் பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

செங்காந்தள் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். பருத்தி நூலில் ஷட்டில் டாட்டிங் (ஷட்டில் என்ற சின்னக் கருவியில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் போடும் லேஸ்) எனக்குக் கை பழகிவிட்டது. கைக்குட்டை ஓரம், புக்மார்க், தோடு எல்லாம் போடுகிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் தங்க நிறத்தில் பிரேஸ்லெட் பின்னிக் கொடுக்க ஆசைப்பட்டு டிஎம்சி கம்பெனியின் டயமான்ட் என்ற உலோக நூல் வாங்கினேன். நிறம் D3852, கொஞ்சம் அடர்ந்த தங்கம்.

பேட்டர்ன் ரொம்பச் சாதாரணம். ரிங் (இழுத்து மூடும் வட்டம்) 5-5-5-5, அதாவது ஐந்தைந்து முடிச்சு, நடுவில் மூன்று பிக்கோ (சின்ன நூல் வளைவு). அடுத்து 6-6 செயின் (வட்டமாக மூடாத வளைவு). முடிச்சு ஒழுங்காக விழுகிறது, ஃப்ளிப்பும் (முடிச்சு ஷட்டில் நூலிலிருந்து கையில் சுற்றிய நூலுக்கு மாறுவது) ஆகிறது. ஆனால் ரிங்கை மூட இழுக்கும்போது பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. இன்னும் இழுத்தால் மேலே சுற்றியிருக்கும் தங்கத் தகடு ஒரு பக்கமாகத் திரண்டு, உள்ளே இருக்கும் இழை வெளியே தெரிகிறது. ஒன்றிரண்டு ரிங் மூடியது, ஆனால் வட்டமாக இல்லாமல் நீர்த்துளி வடிவில் நிற்கிறது. பருத்தியில் இதே பேட்டர்ன் அழகாக வருகிறது.

நூலை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிமணி (மதுரை)

எனக்கும் இதே தொல்லைதான். ரிங்கைச் சின்னதாக்கினால் கொஞ்சம் தேவலை. 5-5-5-5க்குப் பதில் 3-3-3-3 போட்டுப் பாருங்கள். முடிச்சு குறைந்தால் உரசலும் குறையும். ஆனால் பிரேஸ்லெட் மெலிந்துவிடும், அது ஒரு குறை. ஷட்டில்கை அக்கா வந்தால் சரியாகச் சொல்வார்.

ஷட்டில்கை (திருச்சி)

செங்காந்தள், நூலையும் மாற்ற வேண்டாம், பேட்டர்னையும் மாற்ற வேண்டாம். எந்த நூல் எந்த வேலையைச் செய்கிறது என்பதை மட்டும் மாற்றுங்கள்.

ரிங்கில் ஒரே நூல்தான் இரண்டு வேலையும் பார்க்கிறது. முடிச்சாக நிற்பதும் அதுதான், அந்த முடிச்சுகளுக்கு நடுவே ஓடும் உள்நூலும் அதுதான். மூடும்போது இருபது டபுள் ஸ்டிச்சுக்குள்ளும் (டாட்டிங் முடிச்சின் பெயர்) உள்நூல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மெர்சரைஸ் செய்த பருத்தி வழுவழுப்பானது, ஓடிவிடும். உலோக நூலின் அமைப்பே வேறு. நடுவில் ஒரு இழை, அதைச் சுற்றி முலாம் பூசிய பாலியஸ்டர் படலம் நாடாவாகச் சுற்றப்பட்டிருக்கும். நாடா சுற்றும் இடத்தில் எல்லாம் ஒரு சின்ன விளிம்பு இருக்கிறது. முடிச்சு ஒவ்வொன்றும் அந்த விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. அதனால்தான் தகடு திரள்கிறது. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

செயினைப் பாருங்கள். அங்கே பந்து நூல் (ஷட்டிலில் சுற்றாத இரண்டாவது நூல்) முடிச்சாகிறது, ஷட்டில் நூல் உள்ளே ஓடுகிறது. பந்து நூல் ஒரு முறை வளைந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு நகர வேண்டியதே இல்லை. ஆகவே உலோக நூலைப் பந்தாக வையுங்கள், வழுக்கும் நூலை ஷட்டிலில் சுற்றுங்கள். மின்ன வேண்டியது மின்னட்டும், ஓட வேண்டியது ஓடட்டும்.

இப்படிச் செய்தால் ரிங் பருத்தி நிறத்தில் வரும், செயின் தங்கமாக வரும். ஷட்டிலில் அரக்கு நிறத்தைச் சுற்றிப் பாருங்கள். அரக்குப் பட்டுக்குத் தங்கக் கரை போட்டது போல இருக்கும், கல்யாணத்துக்குப் பொருத்தமும்கூட.

இரண்டு வரிசையாகப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். முதல் வரிசை உங்கள் பேட்டர்னேதான்: ரிங் 5-5-5-5, திருப்பி செயின் 6-6, திருப்பி அடுத்த ரிங். ஒவ்வொரு ரிங்கின் முதல் பிக்கோவும் முந்தைய ரிங்கின் கடைசி பிக்கோவோடு சேர வேண்டும். இரண்டாவது வரிசையிலும் அதே கணக்கு. கூடுதலாக நடு பிக்கோவை முதல் வரிசை ரிங்கின் நடு பிக்கோவில் மாட்டுங்கள். ரிங் எல்லாம் நடுவில் அடங்கிவிடும், தங்கச் செயின் இரண்டு ஓரத்திலும் ஓடும். இதில் இன்னொரு வசதி, ரிங்கோடு ரிங்தான் சேர்கிறது. இரண்டு நிற வேலையில் ரிங்கைச் செயினோடு சேர்த்தால் முன்பக்கம் வேறு நிறத்தில் ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். இங்கே அந்தத் தலைவலி இல்லை.

நூல் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 20-ஆம் எண் குரோஷா நூலோடு டயமான்ட் வைத்தால் செயின் ஒல்லியாகத் தெரிகிறது. என் கைக்கு அதைவிட மெல்லிய 40-ஆம் எண் பொருந்துகிறது.

அப்புறம் ஷட்டில். கிளோவர் மாதிரி முனை இறுக்கமாக மூடும் ஷட்டிலில் உலோக நூலைச் சுற்றாதீர்கள். நூலை விடுவிக்கும் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று இரண்டு முனைக்கும் நடுவே அது உரசிக்கொண்டு வரும், படலம் அங்கேயே கீறிவிடும். உலோக நூல் ஷட்டிலில் இருந்தே ஆக வேண்டும் என்றால் பாபின் வைத்த ஷட்டில் நல்லது.

செங்காந்தள்

அக்கா, இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. அரக்கு யோசனை தோழிகளுக்கு அருமை. ஆனால் தங்கைக்கு மட்டும் முழுக்கத் தங்கமாக வேண்டுமாம், ரிங்கும் சேர்த்து. அதற்கு வழி இருக்கிறதா?

ஷட்டில்கை

இருக்கிறது. உண்மையான ரிங் போடாமல், செயினையே வளைத்து ரிங்காக்குங்கள். மாக் ரிங் என்பார்கள்.

செயின் தொடங்கும் முன் ஷட்டில் நூலில் ஒரு கண்ணி விடுங்கள், ஷட்டில் நுழைந்து வரும் அளவுக்கு. அதில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டிவிட்டால் ஓடிப்போகாது. பிறகு பந்து நூலால் 5-5-5-5 செயின் போடுங்கள். முடிந்ததும் கிளிப்பை எடுத்துவிட்டு, ஷட்டிலை அந்தக் கண்ணிக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். உள்நூல் ஓடிக் கண்ணி சுருங்கும், செயினின் இரண்டு முனையும் ஒன்றாக வந்து சேரும். பார்வைக்கு ரிங்தான். வெளியே முழுக்கத் தங்கம், உள்ளே ஓடியது பருத்தி.

உள்நூல் நிறம் தங்கத்துக்குக் கடுகு மஞ்சள், வெள்ளி நூல் என்றால் வெளிர் சாம்பல். முடிச்சை நெருக்கமாகப் போட்டால் உள்நூல் தெரியவே தெரியாது. பிக்கோவை மட்டும் சின்னதாக வையுங்கள். நீளமான பிக்கோ கல்யாண வீட்டில் எல்லார் புடவையிலும் மாட்டும்.

ஊசிநூல் (டொராண்டோ)

இதை வாசித்துக்கொண்டே வந்தேன். ஷட்டில்கை அக்கா சொன்ன தத்துவத்தை ஊசி டாட்டிங் தானாகவே செய்துவிடுகிறதே! ஊசியில் பந்து நூலைத்தான் முடிச்சாக ஏற்றுகிறோம், ஊசிக் காதில் இருக்கும் நூல் உள்ளே போகிறது. ரிங்குக்கும் செயினுக்கும் இதே கதைதான். ஊசியில் பருத்தியைக் கோத்து, பந்தாக உலோக நூலை வைத்தால் ரிங், செயின் இரண்டும் தங்கமாக வரும். கண்ணி, கிளிப் எதுவும் வேண்டாம். ஃப்ளிப் என்ற சங்கதியே கிடையாது என்பதால் நூலும் குறைவாகத்தான் உரசும். நான் இங்கே லிஸ்பெத் மெட்டாலிக் நூலில் இப்படித்தான் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உலோக நூலையே ஊசியில் கோத்தால் காதுப் பக்கம் இரட்டையாக மடிந்த நூல் எல்லா முடிச்சுக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கும். படலம் கிழிந்து தும்பு தும்பாக வந்துவிடும். அதனால் ஊசியில் பருத்தி மட்டும்தான்.

ஷட்டில்கை

ஊசிநூல், நீங்கள் சொல்வது சரி, நூல் ஓடும் விதத்தில் ஊசியும் மாக் ரிங்கும் ஒன்றுதான். ஆனால் பிரேஸ்லெட்டுக்கு நான் ஷட்டிலைத்தான் சொல்வேன். ஊசியின் தடிமனுக்கு முடிச்சு உருவாகிறது, ஊசியை எடுத்த பிறகு உள்ளே அந்த அளவு நூல் இல்லை. அதனால் லேஸ் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். கழுத்து ஓரத்துக்கு, கைக்குட்டைக்கு அது மென்மை. மணிக்கட்டில் நாள் முழுக்க உரசும் ஒன்றுக்கு இறுக்கம் வேண்டும்.

ஊசிநூல்

கொஞ்சம் மெல்லிய ஊசி எடுத்தால் அந்த வித்தியாசம் பெரிதும் குறையும் அக்கா. உலோக நூலுக்கு இயல்பாகவே ஒரு விறைப்பு இருக்கிறது, அது தொளதொளப்பை ஈடுகட்டிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் உலோக நூலுக்குப் பயந்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஊசியைச் சொல்கிறேன். கை பழகியவர்களுக்கு ஷட்டில், நான் மறுக்கவில்லை.

ஆரிப்பட்டறை (சென்னை)

நூல் வாங்குவது பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா? ஆரி வேலை (துணியில் கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) செய்கிறேன், தினமும் ஜரியோடுதான் பொழுது போகிறது.

டயமான்ட் 35 மீட்டர் ஸ்பூல், இரண்டு வரிசை பிரேஸ்லெட் நிறையச் செய்தால் செலவு ஏறும். அதனால் பலரும் சௌகார்பேட்டையில் ஆரி ஜரி வாங்கி டாட்டிங் போடப் பார்க்கிறார்கள். ஆரி ஜரி எல்லாமே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோதித்து வாங்குங்கள். ஒரு சாண் நூல் எடுத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் இரண்டு மூன்று முறை அழுத்தி உருவுங்கள். தகடு சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் அது துணியில் பதிக்கத்தான் லாயக்கு, முடிச்சுக்கு ஆகாது. ஆரியில் நூல் துணி மேல் படுத்துக் கிடக்கிறது, அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிய ஜரி இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும். டயமான்ட்டும் மூன்று இழை முறுக்குதான், அதுதான் அதன் பலம்.

டிஎம்சியிலேயே லைட் எஃபெக்ட்ஸ் என்று 8 மீட்டர் கட்டாக ஆறு இழை நூல் வரும், பார்க்க அதிகமாக மின்னும். டாட்டிங்குக்கு அதை எடுக்காதீர்கள். இழைகள் தனித்தனியாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் நிற்கும். முழு மினுக்கு வேண்டாம், லேசாக மின்னினால் போதும் என்பவர்கள் மெஷின் எம்பிராய்டரிக்கு வரும் மெல்லிய மெட்டாலிக் நூல் ஒரு இழையைப் பருத்தியோடு சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். பருத்தி தாங்கும், அது மினுக்கும்.

கறுத்துப் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூல் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியது. அதற்கு அடுத்தது செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் ஏற்றிய இமிடேஷன். இந்த இரண்டும் உலோகம், வியர்வைக்கும் சென்ட்டுக்கும் நிறம் மாறும். செம்பு வகை தோலில் பச்சைக் கறைகூட விடும். பாலியஸ்டர் படலத்தில் செய்ததைக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் ஜரி என்று தாழ்வாகச் சொல்வார்கள், ஆனால் கையில் அணியும் பொருளுக்கு அதுதான் நல்லது. கறுக்காது, எடையில்லை, தோலுக்கும் தொந்தரவில்லை. சூட்டுக்கு மட்டும் ஆகாது. முடித்த பிரேஸ்லெட் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், படலம் சுருங்கிவிடும்.

குமரித்தென்றல் (நாகர்கோவில்)

எங்கள் ஊர் லேஸைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி காலத்து நாகர்கோவில் லேஸ் வீட்டில் இருக்கிறது. அதுவும் டாட்டிங்தானா? அதில் தங்க இழை போட்டுப் பார்த்திருப்பார்களா?

ஷட்டில்கை

குமரித்தென்றல், அதைப் பத்திரமாக வையுங்கள், பொக்கிஷம். ஆனால் அது டாட்டிங் இல்லை. நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பாபின் லேஸ். திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு இடையன்குடி போய் அங்கும் அதைத் தொடங்கினார்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நாகர்கோவிலில் தங்க இழையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் தங்க, வெள்ளி இழைகளால் நிறைய லேஸ் செய்தார்கள், அதில் பெரும்பகுதி பாபின் லேஸ்தான். காரணம் நாம் மேலே பேசியதேதான். பாபின் லேஸில் நூல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகிறது, முறுக்கிக்கொள்கிறது, குண்டூசியில் நிற்கிறது. எந்த நூலும் இறுகிய முடிச்சுக்குள் நுழைந்து ஓட வேண்டியதில்லை. உலோக இழைக்கு அது சுகமான இடம். டாட்டிங் முழுக்க முழுக்க முடிச்சு. அதனால்தான் நாம் ஒரு பருத்தி இழையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

குமரித்தென்றல்

நன்றி அக்கா! பாட்டியின் பெட்டியில் கட்டைகளும் கிடக்கின்றன, இப்போதுதான் எதற்கென்று புரிகிறது. தனிப் பதிவில் படம் போடுகிறேன்.

பாசிமணி

மணி சேர்ப்பது பற்றி நான் சொல்கிறேன். உலோக நூலில் மணியைக் கோத்து நகர்த்திக்கொண்டே இருந்தால் மணியின் ஓட்டை விளிம்பு நூலைச் சுரண்டும். உள்ளூர்ப் பாசியில் ஓட்டை ஒரே அளவாக இருக்காது, சிலவற்றின் விளிம்பு கண்ணாடித் துண்டு போலவே கூர்மை. மியூகி, டோஹோ மாதிரி ஜப்பான் மணி 11/0 அளவில் எடுங்கள். அதையும் பருத்தி நூலில் கோத்துக்கொள்ளுங்கள், தங்க நூலில் வேண்டாம்.

இன்னும் நல்லது, கோக்காமலே சேர்ப்பது. இரண்டு வரிசையின் நடு பிக்கோக்கள் சேரும் இடத்தில், முதல் வரிசை பிக்கோவை மெல்லிய குரோஷா ஊசியால் மணிக்குள் இழுத்து வெளியே எடுத்து, அந்தக் கண்ணியில் இரண்டாவது ரிங்கைச் சேருங்கள். ஒவ்வொரு ஜோடி ரிங்குக்கும் நடுவே ஒரு மணி உட்காரும். அந்த பிக்கோ மட்டும் மணியின் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். 11/0 ஓட்டைக்குள் போகிற அளவு சன்னமான ஊசி கையில் இல்லை என்றால் அதைவிடப் பெரிய 8/0 மணி எடுங்கள், சுலபம்.

செங்காந்தள்

எல்லோருக்கும் கோடி நன்றி. அரக்கும் தங்கமுமாக ஒரு பிரேஸ்லெட்டின் முதல் வரிசை முடிந்தது. ரிங் எல்லாம் ஒரே இழுப்பில் மூடுகிறது! தங்கைக்கானதில் மாக் ரிங் போட ஆரம்பித்திருக்கிறேன், அதுவும் வட்டமாகவே நிற்கிறது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கிய சரிகை லேஸா என்று கேட்டார்.

இன்னும் மூன்று சந்தேகம். செயின் போடப் போட நூலின் முறுக்கு அவிழ்ந்து தளர்கிறது. முனையை எப்படி மறைப்பது, பருத்திக்குச் செய்வது போல உள்ளே கண்ணி வைத்து இழுத்தால் தும்பு தும்பாக வருகிறது. கடைசியாக, மணிக்கட்டு அளவுக்கு எத்தனை ரிங் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஷட்டில்கை

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முறுக்கு: இடது கையில் நூலைச் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது அது அவிழத்தான் செய்யும். நான்கைந்து செயினுக்கு ஒரு முறை பந்து நூலில் கைநீளம் விட்டு, பந்தை ஒரு கிளிப்பால் கட்டித் தொங்க விடுங்கள். தானாகச் சுழன்று சரியாகிவிடும். சில சமயம் எதிர்ப்பக்கம் அதிகமாக முறுக்கிக்கொள்ளும், அப்போதும் இதே வைத்தியம்தான்.

முனை: உள்ளே கண்ணி வைத்து இழுக்கும் வித்தை உலோக நூலுக்கு வேண்டாம். தொடக்க முனையை முதல் செயினின் உள்நூலோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே நான்கைந்து முடிச்சு போட்டுவிடுங்கள். செயின்தானே, பெரிதாக ஓட வேண்டியதில்லை, சிக்காது. கடைசி முனையைச் சன்னமான ஊசியில் கோத்துப் பின்பக்கமாக முடிச்சுகளின் அடியில் தைத்து உள்ளே விடுங்கள். வெட்டுவதற்கு முன்பே, வெட்டப்போகும் இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை ஊசி முனையால் தொட்டு வையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தடவினால் அதற்குள் படலம் பிரிந்துவிடும். எந்த பாலிஷாக இருந்தாலும் மீதி நூலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள், சிலது பளபளப்பை மங்க வைக்கும்.

அளவு: ஒரு ரிங்கை அளந்து பெருக்காதீர்கள். பக்கத்து ரிங்கோடு சேர்ந்த பிறகுதான் அதன் உண்மையான அகலம் தெரியும். நான்கு ரிங் சேர்ந்த பிறகு அளந்து நான்கால் வகுங்கள். மணிக்கட்டுச் சுற்றளவோடு அரை அங்குலம் கூட்டி, அதிலிருந்து கொக்கியும் வளையமும் பிடிக்கும் நீளத்தைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் லேஸின் நீளம். இரண்டாவது வரிசை சேர்ந்ததும் லேசாக இறுகும், ஆகவே கணக்கு நடுவில் வந்து நின்றால் ஒரு ரிங் கூடுதலாகவே போடுங்கள்.

பாசிமணி

கொக்கி மாட்டும் வளையத்தைக் கடைசியில் பிக்கோவில் மாட்டாதீர்கள் செங்காந்தள், பிக்கோ ஒற்றை நூல், அங்கேதான் முதலில் அறும். முதல் ரிங் தொடங்கும்போதே அந்தக் குட்டி வளையத்தைக் கையில் சுற்றும் நூலில் கோத்துவிடுங்கள். பாதி முடிச்சு போட்டதும் அதை நகர்த்தி முடிச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மீதியைப் போட்டு மூடுங்கள். மற்ற முனையிலும் கடைசி ரிங்கில் அப்படியே. வளையத்தின் வாய் நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நூல் அந்த இடுக்கு வழியே வெளியே வந்துவிடும்.

செங்காந்தள்

தோழிகளுக்கு அப்படியே செய்துவிடுகிறேன். தங்கையுடையதில் ரிங் எல்லாம் மாக் ரிங், அதில் குட்டி வளையத்தை எந்த நூலில் கோப்பது?

ஷட்டில்கை

முதல் ரிங்குக்குப் பந்து நூலில்தான். முடிச்சும் பிக்கோவும் பந்து நூலில்தானே வருகிறது. குட்டி வளையம் ஒன்றே ஒன்று, அதுவும் கொஞ்ச தூரம்தான் நகரப் போகிறது, தங்க நூல் தாங்கும். மணி மாதிரி இருபது முப்பது என்றால்தான் வேண்டாம் என்பேன். கடைசி ரிங்குக்கு அதுவும் தேவையில்லை. பாதி முடிச்சு போட்டுவிட்டு, பந்து நூலைக் குரோஷா ஊசியால் குட்டி வளையத்துக்குள் கண்ணியாக இழுத்து, அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை விட்டு எடுங்கள், வழக்கமாக பிக்கோவில் சேர்ப்பது போலவே. தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்க, வேலையின் முன்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்போது சேருங்கள்.